ராட்டை சுற்றும் பெண், ரைஃபிள் ஏந்திய பெண்

மாதனூரில் எங்கள் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அஞ்சல்தலை ஆல்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். அதில் ‘ஆசாத் ஹிந்த்’ என்று அச்சிட்ட சில தலைகள் இருந்தன. எதிலும் தபால் முத்திரை விழவில்லை. ஒன்றில் ஒரு பெண் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் ஒரு செவிலி, காயம்பட்ட சிப்பாயைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இயந்திரத் துப்பாக்கி சீக்கியச் சிப்பாயிடம் இருந்தது, ஏர் உழவனிடம். அந்த வயதில் இதில் கேட்பதற்கு ஏதுமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1943இல் பெர்லினில், ஜெர்மன் அரசு அச்சகத்தில், சுபாஷ் சந்திர போஸின் சுதந்திர இந்தியாவுக்கென்று அச்சான தலைகள் இவை. வரைந்தவர்கள் வெர்னர், மரியா ஆக்ஸ்டர்-ஹாய்ட்லாஸ் தம்பதி. நாஜி அரசுக்கும் சுவரொட்டிகள், அஞ்சல்தலைகள் வரைந்துகொடுத்தவர்கள். (இந்தப் படங்களில் ஒரு பெண்ணின் பங்கும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.) அஞ்சல்தலை வெளியிடுவது ‘நாங்கள் ஓர் அரசு’ என்று சொல்லிக்கொள்ளும் வழி. இங்கே நிலம் கைக்கு வருமுன்பே தலை அச்சாகிவிட்டது. ஆனால் எந்தக் கடிதத்திலும் அது பயணம் போகவில்லை. வரப்போகும் நாட்டைப் பற்றிய கற்பனை மட்டும் மிஞ்சியது. அந்தக் கற்பனையில் பெண்ணுக்கு நூற்பதும் கட்டுப்போடுவதும்தான் வேலை. தோட்டத்திலோ தோல் ஷாப்பிலோ கூலிக்கு உழைக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

அதே 1943இல் சிங்கப்பூரில் நடந்தது வேறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940இல் அங்கே போன டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், ஜூலை 12 அன்று சுமார் 20 பெண்களைத் திரட்டிவந்தார். சேலை கட்டியபடியே, கனத்த ரைஃபிள்களை ஏந்தி அவர்கள் போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அக்டோபர் 22இல் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்கள் பழைய வட ஆற்காடு ஜில்லாவும் அந்தத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று.

பெர்லின் படம் பொய், சிங்கப்பூர்தான் நிஜம் என்று இத்துடன் முடித்துவிட எனக்கும் ஆசைதான். முடியவில்லை. பர்மாவுக்குப் போன ராணிகள் தங்களைப் போர்முனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். 1944இல் இம்பால் முற்றுகை தோற்று, சிப்பாய்கள் நோயோடும் காயத்தோடும் திரும்பியபோது, மேமியோ மருத்துவமனையில் அவர்களைப் பார்த்துக்கொண்டதும் இந்தப் பெண்கள்தான். அஞ்சல்தலையின் செவிலி அங்கே நிஜமாகிவிட்டாள். நோயாளியைப் பார்த்துக்கொள்வது மட்டமான வேலை என்றோ, துப்பாக்கி தூக்கினால்தான் விடுதலை என்றோ நான் நினைக்கவில்லை. இவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. படத்திலிருந்தவளை யாரும் எதுவும் கேட்கவேயில்லை.

எந்தத் தலையிலும் வராத இன்னொரு காட்சியும் உண்டு. அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பானியர் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில்பாதை போட இழுத்துப்போனார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். மலேசியத் தமிழர்கள் ‘சயாம் மரண ரயில்’ என்று சொல்வது அதைத்தான். லயத்து ஆண்கள் ஜப்பானுக்காகத் தண்டவாளம் போட்டுச் செத்துக்கொண்டிருக்க, அந்த ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்த படையில் லயத்துப் பெண்கள் சீருடை அணிந்தார்கள். வீரக்கதையாக இதைச் சொல்லும்போதெல்லாம் நாம் ரயில்பாதையை விட்டுவிடுகிறோம்.

1997இல் இந்திய அஞ்சல்துறை, ஐ.என்.ஏ. வழக்கு விசாரணையை நினைவுகூர்ந்து ஒரு தலை வெளியிட்டது. தில்லான், சாகல், ஷா நவாஸ் மூவரும் அதில் இருக்கிறார்கள். ஆசிரியரின் ஆல்பத்திலும் அது இருந்தது. ஊருக்குப் போனபோது, நடுவிலிருக்கும் பெயருக்குரிய பிரேம் சாகலைத்தான் லட்சுமி 1947இல் மணந்தார் என்று அவரிடம் சொன்னேன்.

“அப்ப அந்தம்மா ஸ்டாம்பு எங்கம்மா?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.