கேளிக்கைப் பூங்காப் பொறியியல்

கேளிக்கைப் பூங்காப் பொறியியல் என்பது ராட்சத ராட்டினம், ரோலர் கோஸ்டர், நீர்ச்சறுக்கு, இருட்டறைச் சவாரி முதலிய பொழுதுபோக்கு இயந்திரங்களை வடிவமைத்து, நிறுவி, சோதித்து, நாள்தோறும் பாதுகாப்பாக இயக்கும் தொழில்துறை. இதற்கென்றே பட்டம் பெற்று வருபவர்கள் மிகக் குறைவு. இயந்திரவியல், கட்டுமானவியல், மின்னியல், மென்பொருள் எனப் பல துறைகளில் படித்தவர்கள் வேலையின் வழியே இங்கு வந்து சேர்கிறார்கள். காரிலும் ரயிலிலும் பயணிக்கு உலுக்கல் தெரியாமலிருக்கப் பொறியாளர் பாடுபடுவார். இங்கே அந்த உலுக்கலையே அளந்து கொடுக்க வேண்டும். பள்ளிச் சிறுமியும் அவளுடைய தாத்தாவும் ஒரே இருக்கையில் அடுத்தடுத்து அமர்வார்கள் என்பதை மனத்தில் வைத்து, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை, ஒரு முறைகூடப் பிசகாமல் கொடுக்க வேண்டும்.

தோற்றம்

1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்ப்சன் அமைத்த ஸ்விட்ச்பேக் ரயில்வே மணிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்தில்தான் ஓடியது. கட்டணம் 5 சென்ட். அக்கால வண்டிகளைத் தண்டவாளத்தோடு பிடித்துவைக்க அடியில் எதுவும் இல்லை. மேட்டின் உச்சியைச் சற்று வேகமாகக் கடந்தாலே வண்டி மேலெழும்பிவிடும் என்பதால் மேடுகளைத் தாழ்வாகவே கட்ட வேண்டியிருந்தது. இந்தத் தடையை நீக்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு ஓடும் சக்கரத்துக்கு அவர் 1919-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய கோஸ்டர் வண்டிகளில் மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று வகைச் சக்கரங்கள் இருப்பதற்கு அதுவே மூலம். முதல் மேட்டில் வண்டி ஏறும்போது கேட்கும் 'டக் டக்' ஓசையும் மில்லரின் கைவண்ணம்தான். இழுத்துச்செல்லும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி, பற்களில் மாட்டித் தடுக்கும் கொக்கி எழுப்பும் ஓசை அது. பயமூட்டுவதற்காக வைத்தது என்று பலர் நினைக்கும் அந்தச் சத்தம், உண்மையில் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்கான சான்று.

வால்ட் டிஸ்னி 1952-ல் தொடங்கிய வெட் எண்டர்பிரைசஸ் நிறுவனம், பின்னாளில் வால்ட் டிஸ்னி இமேஜினியரிங் என்று பெயர் மாறியது. திரைப்படக் கலைஞர்களையும் இயந்திரப் பொறியாளர்களையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்தது அதன் புதுமை. 1955 ஜூலையில் கலிபோர்னியாவின் அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அங்கே வந்த மேட்டர்ஹார்ன் சவாரிக்காக, ஏரோ டெவலப்மெண்ட் நிறுவனத்தின் எட் மோர்கன், கார்ல் பேகன் இருவரும் மரத்தைக் கைவிட்டு எஃகுக் குழாயில் தண்டவாளம் அமைத்தார்கள். குழாயை எந்தத் திசையிலும் வளைக்கலாம், முறுக்கலாம். கோஸ்டரைத் தலைகீழாகச் சுழற்றும் எண்ணம் மறுபடி உயிர்பெற அந்தக் குழாயே வழிசெய்தது.

வளையத்தின் கணக்கு

'மறுபடி' என்பதற்குக் காரணம் உண்டு. 1895-லேயே கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் ரயில்வே என்ற தலைகீழ் வளையச் சவாரி இருந்தது. அதன் வளையம் முழு வட்டம். ஏறி இறங்கியவர்கள் கழுத்து வலியோடு திரும்பினார்கள், சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. தவறு எங்கே என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே காட்டலாம். உராய்வை ஒதுக்கிவிட்டால், முழு வட்ட வளையத்தின் அடியிலும் உச்சியிலும் உடல் உணரும் எடைகளுக்கு இடையிலான வேறுபாடு எப்போதும் இயல்பான எடையின் 6 மடங்கு. வளையத்தைப் பெரிதாக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. உச்சியில் பயணி மிதப்பதுபோல் உணர்ந்தால், அடியில் தன் எடையைப்போல் ஆறு மடங்கை உடலில் தாங்கியாக வேண்டும். நேர்த்தண்டவாளம் திடீரென வட்டமாகும் இடத்தில் அந்தச் சுமை ஒரே நொடியில் வந்து மோதும் என்பது இன்னும் மோசம்.

ஜெர்மனியின் வெர்னர் ஸ்டெங்கல் இதற்கு விடை தந்தார். நெடுஞ்சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் வளைவு தொடங்கும் இடத்தில் பயன்படும் கிளாத்தாய்டு என்ற வளைகோட்டை அவர் நிமிர்த்தி நிறுத்தினார். அடியில் வளைவு விரிந்திருக்கும், மேலே போகப்போக இறுகும். வேகம் மிகுந்த இடத்தில் வளைவு மென்மையாகவும், வேகம் குறைந்த இடத்தில் கூர்மையாகவும் அமைவதால் உடல்மீது ஏறும் சுமை படிப்படியாகக் கூடிக் குறைகிறது. சவாரித் தயாரிப்பாளர் அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃபின் கட்டுமானத்தில், 1976-ல் கலிபோர்னியாவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டன் பூங்காவில் திறக்கப்பட்ட 'ரெவல்யூஷன்' இப்படித்தான் நவீன செங்குத்து வளையத்தின் முன்னோடியானது. இன்று உலகின் கோஸ்டர் வளையங்கள் கண்ணீர்த்துளி வடிவில் இருப்பதைப் பார்த்தால் அழகுக்காக என்று தோன்றும். அது கழுத்தைக் காப்பாற்றுவதற்கான வடிவம்.

தண்டவாளம் திருகும்போது எந்த அச்சைச் சுற்றித் திருக வேண்டும் என்பதும் இதே அக்கறையிலிருந்து எழுந்த கேள்விதான். தண்டவாளத்தைச் சுற்றித் திருகினால் தலை அரிவாள் வீச்சுபோல் பக்கவாட்டில் எறியப்படும். அமர்ந்திருப்பவரின் மார்பு உயரத்தில் அச்சை வைத்துத் திருகினால் உடல் இருந்த இடத்திலேயே சுழலும். இருக்கைக்கு வெகு கீழே தண்டவாளம் வினோதமாக நெளிந்து வளைவது இதனால்தான். சுமையின் அளவோடு அது எத்தனை வினாடி நீடிக்கிறது என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்-24 குழு 1978 முதல் இதற்கான தரநிலைகளை வகுத்துவருகிறது. ஐரோப்பாவில் ஈ.என். 13814 என்ற தரநிலை நடைமுறையில் உள்ளது. இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் கோஸ்டர்களின் உயரப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, இந்தத் தரநிலைகளில் ஒன்றை முழுமையாகப் படிப்பது பயன்தரும்.

பிளாக், பிரேக், வரிசை

ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகள் ஓடும்போது அவை மோதாமல் காப்பது பிளாக் முறை. ரயில்வே சிக்னலின் கொள்கைதான் இதுவும். பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் ஒரே வண்டிதான் இருக்கலாம். முன்பகுதி காலியாகிவிட்டது என்று உணரிகள் உறுதிசெய்யும்வரை பின்வண்டியை பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி நகரவிடாது. எது பழுதானாலும் பாதுகாப்பு நிற்க வேண்டும் என்ற மனப்பாங்கை பிரேக்குகளிலும் காணலாம். புதிய கோஸ்டர்கள் பலவற்றில் நிலைக்காந்தங்களுக்கு இடையே உலோகத் தகடு பாயும்போது எழும் சுழல் மின்னோட்டமே வேகத்தைக் குறைக்கிறது. மின்சாரம் போனாலும் அந்த பிரேக் பிடிக்கும்.

வரிசையில் நிற்பவர்களின் நேரத்தையும் பொறியாளர்தான் கணக்கிடுகிறார். 32 இருக்கைகள் கொண்ட வண்டி 60 வினாடிக்கு ஒன்றாகப் புறப்பட்டால் மணிக்கு 1,920 பேர் சவாரி செய்யலாம். பையை எங்கே வைப்பது என்று பயணிகள் தடுமாறிப் புறப்பாடு 75 வினாடியானால் அது 1,536 ஆகச் சரியும். இருக்கையின் பாதுகாப்புக் கம்பியைப் பூட்ட எத்தனை அசைவு, ஊழியர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்பதையெல்லாம் தொடக்க வரைபடத்திலேயே யோசிக்கவேண்டிய காரணம் இதுவே. புறப்பாட்டுத் தாமதத்துக்கே இடம் தராமல், நில்லாது நகரும் பெட்டித்தொடரை டிஸ்னி 1967-ல் அறிமுகப்படுத்தி, 1969-ல் ஹாண்டட் மேன்ஷன் பேய்வீட்டிலும் பயன்படுத்தியது.

விபத்துகள் கற்பித்தவை

2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' கோஸ்டரின் காலியான சோதனை வண்டி ஒன்று பாதையின் நடுவே நின்றுவிட்டது. பிளாக் முறை தன் கடமையைச் செய்து, 16 பேர் இருந்த பின்வண்டியை நிறுத்திவைத்தது. நின்ற வண்டியைக் கவனிக்காத பராமரிப்புக் குழு, கணினிதான் பிழை செய்கிறது என்று எண்ணி அந்தத் தடையைக் கைமுறையாக நீக்கியது. வண்டிகள் மோதின. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். உரிமையாளரான மெர்லின் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 2016-ல் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தடையை நீக்குவதற்கு முன் யார், எதை, எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்ற முறையான ஏற்பாடு இல்லாததே மூலக் குற்றமாகக் கொள்ளப்பட்டது. இயந்திரம் சரியாகச் சொன்னதை நம்புவதற்கான நடைமுறையை வகுப்பதும் பொறியியலே என்பதை இத்துறை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 51 மீட்டர் உயரத்தில் அமைந்த 'வெருக்ட்' நீர்ச்சறுக்கில் 2016-ல் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அதை வடிவமைத்தவர்களுக்குத் தகுந்த பொறியியல் தகுதி இல்லை என்று குற்றப்பத்திரிகை கூறியது. அந்த வழக்கு 2019-ல் தள்ளுபடியானாலும், அதற்கு முன்பே கேன்சஸ் மாநிலம் சவாரிகளுக்கான ஆய்வுச் சட்டத்தைக் கடுமையாக்கியிருந்தது. தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் 2016 மே மாதம் புதிய சவாரி ஒன்றின் சோதனை ஓட்டத்தில் அது சரிந்து, அதில் அமர்ந்திருந்த ஊழியர் ஒருவர் இறந்தார். ஆட்களை ஏற்றுவதற்கு முன் நீர் நிரப்பிய பொம்மைகளையோ மணல் மூட்டைகளையோ ஏற்றிப் பலமுறை ஓட்டிப் பார்ப்பது இத்தொழிலின் அடிப்படை நெறி. அந்த நெறியில் சமரசம் செய்யச் சொல்லும் மேலாளரிடம் முடியாது என்று சொல்லும் துணிவு, கணக்குப் போடும் திறமைக்குச் சற்றும் குறையாத தகுதி.

பணிகள்

கோஸ்டர் வடிவமைப்பாளர் என்ற பதவியே எல்லோர் கனவிலும் வருகிறது. ஆனால் அந்த நாற்காலிகள் உலகிலேயே மிகச் சில. 1988-ல் இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய பொல்லிகர் அண்ட் மபிலார்ட் சுவிட்சர்லாந்தின் மோந்தே என்ற சிறுநகரில் இயங்குகிறது. மேக் ரைட்ஸ், 1780-ல் வண்டி செய்யத் தொடங்கிய குடும்பத்தின் நிறுவனம். அது ஜெர்மனியின் வால்ட்கிர்ஷில் இருக்கிறது. ஸ்டெங்கலின் அலுவலகம் மியூனிக்கில். ஜெர்மன் மொழி அறிவு இத்துறையில் ஒரு கதவைத் திறக்கும் என்பது வால்ட்கிர்ஷ், மியூனிக் என்ற ஊர்ப்பெயர்களிலேயே தெரியும்.

எண்ணிக்கையில் பெரிய வேலைவாய்ப்பு பராமரிப்பில் இருக்கிறது. பூங்கா திறக்கப் பல மணி நேரத்துக்கு முன்பே பராமரிப்புக் குழு தண்டவாளத்தின் ஓரமாக நடந்து திருகாணிகள், பற்றவைப்புகள், சக்கரங்களின் தேய்மானம், இருக்கைப் பூட்டுகள் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிடும். பின்பு வண்டி காலியாகப் பல சுற்று ஓடும். பராமரிப்பாளர்களின் எதிரி உலோகச் சோர்வு. ஒரு சுற்றில் ஒன்றும் ஆகாத எஃகு, லட்சக்கணக்கான சுற்றுகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் காணும். அதைத் தேடக் காந்தத்துகள் சோதனை, சாயச் சோதனை, மீயொலிச் சோதனை எனப் பொருளைச் சிதைக்காத முறைகள் பயன்படுகின்றன. இந்தச் சோதனையாளர்களைப் பற்றி எந்தப் பூங்காவும் விளம்பரத்தில் சொல்வதில்லை. இத்துறையின் மரியாதை முதலில் போய்ச்சேர வேண்டியது அவர்களுக்குத்தான்.

கல்வியும் நுழைவும்

கனடாவின் டொரான்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கான சவாரி வடிவமைப்புப் போட்டியை யூனிவர்சல் நிறுவனத்துடன் இணைந்து நடத்தியிருக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதற்கென மாணவர் குழு இயங்குகிறது. நோலிமிட்ஸ் என்ற கணினி மென்பொருளில் வீட்டிலிருந்தே தண்டவாளம் வரைந்து, உடல்மீது ஏறும் சுமையைப் பார்க்கலாம். தொழில்முறை நிறுவனங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. நுழைவுக்கு ஒரே வாசல் என்று எதுவும் இல்லை. பிக் தண்டர் மவுண்டன் முதலிய புகழ்பெற்ற சவாரிகளை உருவாக்கிய டோனி பாக்ஸ்டர், 1965-ல் டிஸ்னிலேண்டில் ஐஸ்கிரீம் விற்கும் வேலையில் சேர்ந்தவர்.

இந்தியாவில் இத்துறை பெரும்பாலும் சவாரிகளை இறக்குமதி செய்து பராமரிப்பதாகவே வளர்ந்தது. கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் தொடங்கிய வீகாலேண்ட், பின்னர் வொண்டர்லா ஆனது. பல சவாரிகளைத் தானே வடிவமைத்துத் தயாரிப்பது அந்த நிறுவனத்தின் தனித்தன்மை. இளம் இந்தியப் பொறியாளர் வரைபலகையிலிருந்து தண்டவாளம்வரை ஒரு சவாரியைப் பின்தொடர இது அரிய வாய்ப்பு. சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே வொண்டர்லாவின் பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்க ஓடும் பொல்லிகர் நிறுவனத்தின் கோஸ்டர் ஒன்று, 'தஞ்சோரா' என்ற பெயரில் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டு இளைஞருக்கு இன்னொரு பாதையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. திருச்சி பெல் வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. சிதைவில்லாச் சோதனைக்கான இந்தியச் சங்கத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ஐ.டி.ஐ. ஃபிட்டர், வெல்டர், டிப்ளமா இயந்திரவியல் படித்தவர்கள் சிதைவில்லாச் சோதனைச் சான்றிதழில் இரண்டாம் நிலையை எட்டினால் பூங்காக்களும் ஆய்வு நிறுவனங்களும் அவர்களை நாடும். இங்கே தனிச் சவாலும் உண்டு: கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்புக்காற்றில் நிற்கும் எஃகு, கடலிலிருந்து தள்ளி நிற்கும் எஃகைவிட விரைவாகத் துருப்பிடிக்கும். ஐரோப்பியத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டில் உள்ள கால இடைவெளிகளை நம் கடலோரத்துக்கு ஏற்பச் சுருக்கி எழுதும் வேலையை, இங்கே வளர்ந்த பொறியாளர்களே செய்தாக வேண்டும்.