கைமாறும் வீடும் கட்டட ஆய்வும்: ஹப்சிகுடா

கட்டட ஆய்வு என்பது, விலைக்கு வரும் வீட்டையோ ஃபிளாட்டையோ இரு தரப்புக்கும் உறவில்லாத ஒரு பொறியாளர் நேரில் சோதித்து, அதன் நிலையை எழுத்தில் தருவது. பத்திரங்களை வழக்கறிஞர் பார்க்கிறார். கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கிறார். ஆய்வாளர் பார்ப்பது தூணையும் தளத்தையும் குழாயையும் வயரையும். இவை மூன்றும் வெவ்வேறு வேலைகள். "பேங்க்லேருந்து வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க, லோன் சேங்ஷன் ஆயிடுச்சு" என்று நிம்மதியடைவதுதான் வாங்குபவர்கள் பரவலாகச் செய்யும் தவறு. வங்கி மதிப்பீட்டாளர் வங்கிப் பணத்துக்குக் காவல். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழே ஓதம் இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

ஹைதராபாத்தில் வீடு வாங்குகிறவர் வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்குப் புரட்டுகிறார், தாய்ப்பத்திரம் கேட்கிறார், வாஸ்து பார்க்கிறார். தளத்துக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒருவரை அழைத்துவருவது மட்டும் இன்னும் அரிதாகவே இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் காகிதத்தின் மேல் மட்டும் நம்பி வைக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

இடம்

தார்நாகாவுக்கும் உப்பலுக்கும் நடுவே, வாரங்கல் போகும் சாலையில் இருக்கிறது ஹப்சிகுடா. மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. நிஜாம் காலத்தில் ஹப்ஷிகள் என்று அழைக்கப்பட்ட அபிசீனியக் காவலர்களோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவது வழக்கம். 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமும் இந்த உப்பல் சாலையில்தான் வரிசையாக நிற்கின்றன. உஸ்மானியா பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். இந்த நிறுவனங்களுக்கு வேலையாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் தமிழர்களும் உண்டு. 2017 நவம்பரில் நாகோல்-மியாபூர் மெட்ரோ திறந்தபோது ஹப்சிகுடாவுக்கு ஒரு நிலையம் கிடைத்தது. வீட்டுத் தேவையும் கூடியது.

இங்கே விற்பனைக்கு வருபவை ஒரே வகையானவை அல்ல. தனி வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் எழுப்பிய ஐந்து மாடிப் புதுக் கட்டடம் ஒரு பக்கம். அதற்கு அடுத்த மனையிலேயே இருபது, இருபத்தைந்து ஆண்டு பழைய ஃபிளாட். பழைய ஃபிளாட்டைக் கட்டியவர் யார், எந்த மணலும் தண்ணீரும் சேர்த்துக் காங்கிரீட் போட்டார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆய்வு அதிகம் தேவைப்படுவது அந்த இரண்டாம் வகைக்கே.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்தால், கட்டியவர் முப்பது நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. முதலில் வாங்கியவரிடமிருந்து பின்னால் வாங்குபவரும் இச்சட்டத்தின் கண்ணில் ஒதுக்கீடு பெற்றவரே. மூன்று ஆண்டுப் பழைய ஃபிளாட்டை மறுவிற்பனையில் வாங்குபவர், மிச்சமிருக்கும் இரண்டு ஆண்டு உரிமையை விட்டுவிடக் கூடாது. ஆய்வறிக்கை அந்த உரிமையைக் கேட்பதற்கான ஆவணமாகவும் பயன்படும்.

ஆனால் இச்சட்டத்தின் கீழ் வந்த தெலங்கானா விதிகள் 2017 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகு அனுமதி பெற்ற திட்டங்களுக்கே பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் வரும் திட்டங்களும், எட்டு ஃபிளாட்டுக்கு மேற்படாதவையும் பதிவுக் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றவை. ஹப்சிகுடாவின் உள்தெருக்களில் எழும் சிறு கட்டடங்கள் பலவும், பழைய ஃபிளாட்டுகள் எல்லாமும் இந்த வலைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

அங்கே கைகொடுப்பது ஒரு பழைய சட்டம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில், சொத்திலுள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. இதற்குள் இருக்கும் மறுபக்கத்தை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறையைப் பார்க்காமல் விட்டால் நட்டம் வாங்கியவருடையது. சுவரில் கண்ணுக்குத் தெரிந்த விரிசலைப் பற்றிப் பின்னால் நீதிமன்றத்தில் முறையிடுவது கடினம்.

தண்ணீர்

ஹப்சிகுடாவில் ஆய்வின் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாக இருக்க வேண்டும். 2020 அக்டோபர் 13ஆம் தேதி இரவு ஹைதராபாத்தில் கொட்டிய மழையில், இதே சாலையில் கிழக்கே இருக்கும் கட்கேசர் பக்கம் 30 செ.மீட்டருக்கு மேல் பதிவானது. ராமந்தாபூர் ஏரிப் பக்கத்திலும் ஹப்சிகுடாவின் தாழ்வான தெருக்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் சில நூறு அடிதான் இடைவெளி. விலைப்பட்டியலில் அந்த இடைவெளி தெரியாது.

நல்ல ஆய்வாளர் வீட்டுக்குள் நுழையும் முன் தெருவின் சரிவைப் பார்ப்பார். சாலையைப் புதுப்பித்துப் புதுப்பித்து உயர்த்தியதில் வாசல் தாழ்ந்துவிட்டதா என்று அளப்பார். பிறகு நேரே செல்லார் எனப்படும் கீழ்த்தளத்துக்கு இறங்குவார். பெயின்ட் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் புதிதாக இருந்தால் அதற்குக் காரணம் கேட்பார். மின்மீட்டர் பலகை தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, லிப்ட் குழியில் தண்ணீர் ஊறுகிறதா, சம்ப்பின் மூடி வெள்ளத்தில் மூழ்கக்கூடியதா என்று பார்ப்பார். வெள்ளத்தில் மூழ்கிய சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும். வாட்ச்மேனிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் "2020ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்பதும் ஆய்வில் சேர்ந்ததுதான். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் சில சமயம் கருவிகள் தருவதைவிடப் பெரியது.

ஏரியின் எல்லையையும் விட முடியாது. 2012ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, பத்து ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரியின் முழுக் கொள்ளளவுக் கோட்டிலிருந்து 30 மீட்டருக்குள்ளும், அதைவிடச் சிறிய ஏரியின் கோட்டிலிருந்து 9 மீட்டருக்குள்ளும் கட்டடம் கூடாது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2024 ஜூலையில் ஹைட்ரா என்ற அமைப்பு வந்தபின், அந்தக் கோட்டுக்குள் வீடு வாங்கியவருக்குப் பத்திரம் இருந்தும் பாதுகாப்பில்லை. ஏரிகளின் வரைபடங்களை ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் வெளியிட்டிருக்கிறது. ஆய்வாளர் மனையை அதில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏரியானாலும் பள்ளமானாலும், நிரப்பி மேடாக்கிய மண்ணில் கட்டிய வீடு எப்படி ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஒரு பெயர்பெற்ற வழக்கு உண்டு. சரியாக இறுக்காத மண்ணை நிரப்பிக் கட்டிய வீடு மண் சரிந்து சேதமடைந்தது. 1984இல் ஈஸ்டன்-ஸ்ட்ராஸ்பர்கர் வழக்கில், வீட்டைக் கண்ணால் பார்த்துத் தெரியக்கூடிய குறைகளைத் தேடிச் சொல்வது தரகரின் கடமை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊர்த் தரகருக்கு அப்படியொரு கடமையை யாரும் இன்னும் வைக்கவில்லை.

காங்கிரீட்

ஆய்வாளர் கையில் முதலில் வருவது சிறு சுத்தியல். தட்டும்போது 'டொக்' என்று உள்ளே வெற்றொலி கேட்டால், பூச்சோ காங்கிரீட்டோ விட்டுப் பிரிந்திருக்கிறது. அடுத்தது, ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940களின் இறுதியில் உருவாக்கிய துள்ளு சுத்தியல். காங்கிரீட்டின் மேல் அழுத்தும்போது அது எவ்வளவு திரும்பித் துள்ளுகிறது என்பதை வைத்து மேற்பரப்பின் உறுதியை மதிப்பிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியக் கேளா ஒலி அலையைச் செலுத்துவார்கள். 1992ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 13311, அலை நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் காங்கிரீட் நன்று என்றும், 3க்குக் கீழே போனால் சந்தேகத்துக்குரியது என்றும் வகுத்தது.

எளிமையான சோதனை ஒன்று உண்டு. காங்கிரீட்டில் சிறிது உடைத்து, புதிதாகத் தெரியும் பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பது. காரத்தன்மை காக்கப்பட்ட இடம் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரம் குறைந்த இடம் நிறமற்று நிற்கும். நிறம் மாறாத ஆழம் கம்பிவரை போயிருந்தால், கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளும்போதுதான் சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. இந்தியத் தரநிலை 456, சாதாரணச் சூழலில்கூடக் கம்பிக்கு மேல் 20 மி.மீ. காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்கள் பலவற்றின் சன்ஷேடிலும் பால்கனி விளிம்பிலும் இந்த அளவு இருப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத குறைக்கு குருகிராம் சாட்சி. அங்கே 109ஆம் செக்டாரில் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் ஒரு கோபுரத்தில் 2022 பிப்ரவரி 10 அன்று பல மாடித் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இருவர் இறந்தனர். காங்கிரீட்டில் குளோரைடு கலந்து கம்பி அரித்துப்போனதை டெல்லி ஐஐடியின் ஆய்வு கண்டறிந்தது. அந்தக் கோபுரம் குடியிருக்கத் தகாதது என்றும் முடிவு செய்தது. பார்வைக்கு அது பழைய கட்டடம் அல்ல, ஆடம்பரமான புதுக் கட்டடம். சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் கைபட்ட இடமெல்லாம் பூச்சு உதிர்ந்ததும், ஆய்வு சென்னை ஐஐடியிடம் போனதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நினைவிருக்கும். புதுக் கட்டடத்துக்கு ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு கட்டடங்களுமே பதில்.

மின்சாரத்தில் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்சும் முதலில் பார்க்கப்படுபவை. பழைய ஃபிளாட்டில் ஏ.சி.யும் கீசரும் பின்னால் வந்தவை, வயர் அப்போதையது. குழாயில், இப்பகுதிப் போர்வெல் கடினநீர் படிந்து வழி அடைபட்டிருக்கிறதா என்பதை எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து பார்த்தாலே தெரியும். அனுமதி பெற்ற வரைபடத்தோடு கட்டடத்தை ஒப்பிடுவதும் ஆய்வில் சேரும். மொட்டை மாடியில் பிற்பாடு எழுப்பிய பென்ட்ஹவுஸின் சுமையைத் தாங்க, கீழேயுள்ள தூண்கள் கணக்கிட்டுப் போடப்பட்டவை அல்ல.

விற்பவருக்கு என்ன லாபம்

ஆய்வு வாங்குபவரின் ஆயுதம் என்றே விற்பவர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் தேவையற்றது. தெரியாத குறைக்கு வாங்குபவர் மனத்தில் போடும் கழிவு எப்போதும் பெரியது. மொட்டை மாடியில் ஓதம் கண்டு, "இன்னும் என்னென்ன இருக்கோ" என்று அவர் விலையில் பெரும் தொகையைக் குறைக்கிறார். தட்டோடுகளைப் பெயர்த்து நீர்த்தடுப்புப் பூச்சுப் போட இவ்வளவு ஆகும் என்று அறிக்கை சொல்லிவிட்டால், பேரம் அந்தத் தொகைக்குள் நிற்கும். அதோடு, 55ஆம் பிரிவு கேட்கும் வெளிப்படுத்தலை அறிக்கையே செய்துவிடுகிறது. வாங்கியவர் அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டால், அதிலுள்ள குறைகளைத் தெரிந்தே மறைத்தார் என்ற வழக்கு எழாது. ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு வைப்பவரே ஆய்வறிக்கை எடுத்து வாங்க வருவோருக்குக் காட்ட வேண்டும் என்று சட்டமாகவே இருக்கிறது. தெலங்கானாவும் மறுவிற்பனைக்கு இதைக் கொண்டுவரலாம். மும்பையில் முப்பது ஆண்டு தாண்டிய கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை கட்டாயம் என்றிருக்கும்போது இங்கே முடியாதது என்று ஒன்றுமில்லை.

யாரை அழைப்பது

அமெரிக்காவில் வீட்டு ஆய்வாளர்களுக்கு 1976இலேயே தொழில்முறைச் சங்கம் அமைந்தது. பல மாநிலங்களில் உரிமமும் தேவை. இந்தியாவில் அப்படித் தனி உரிமம் இல்லை. ஆய்வு செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் ஹைதராபாத்தில் இயங்குகின்றன. ஆனால் செயலியும் வெப்பக் கேமராவும் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் ஆய்வாளர் ஆகிவிட மாட்டார். மாநகராட்சியில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைத் தேடுவது நல்லது. கட்டியவரோ தரகரோ பரிந்துரைக்கும் ஆளை ஏற்கக் கூடாது. ரிப்பேர் வேலையையும் தானே எடுப்பவரைத் தவிர்க்க வேண்டும், குறை கூடக்கூட அவருக்கு வருமானம். அறிக்கையில் புகைப்படமும், அளவும், பார்க்க முடியாமல் போன இடங்களின் பட்டியலும் இருக்க வேண்டும். சுவருக்குள் புதைந்த குழாயையும் அஸ்திவாரத்தையும் யாராலும் முழுதாகப் பார்த்துவிட முடியாது. பார்த்ததாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பொதுவாக நடப்பது, அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தமும் போட்ட பின் பொறியாளரைத் தேடுவது. அப்போது பேரத்துக்கு இடமிருக்காது. ஹப்சிகுடாவில் வீடு பார்க்கிறவர்கள் மழைக்காலத்தில், முடிந்தால் பெருமழை பெய்த மறுநாள் காலையில் ஆய்வை வையுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டமைப்பில் பெருங்குறை இருப்பதாக ஆய்வறிக்கை சொன்னால் அட்வான்ஸ் முழுதும் திருப்பித் தரப்படும்.