ஆறு லட்சம் பேருக்கு ஒரு தாமதம்

2023 ஜூலை, சான் பிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க். டெட் அண்ட் கம்பெனியின் கடைசிச் சுற்றுப்பயணம். எங்களுக்குக் கிடைத்தது மேடைக்கு எதிர்க்கோடி, மேல் அடுக்கு. அப்பா வீட்டை விற்றதிலிருந்து அக்காவும் நானும் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் டிக்கெட் எடுத்தது அவள்தான்.

"குச்சி விழுந்தப்புறம்தான்டா சத்தம் வருது" என்றாள்.

1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,600 பேர். அதுவும் பேஸ்பால் மைதானம்தான். பாட்டு போனது அறிவிப்பு செய்கிற ஒலிபெருக்கிகள் வழியே. கூச்சலில் எதுவும் கேட்காமல், மற்றவர்களின் அசைவைப் பார்த்தே தாளம் பிடித்ததாகப் பின்னாளில் ரிங்கோ சொன்னார்.

எட்டு வருடம் கழித்து, வாட்கின்ஸ் கிளென் கார்ப் பந்தயத் திடல். கிரேட்ஃபுல் டெட், ஆல்மன் பிரதர்ஸ், தி பேண்ட். வந்தவர்கள் சுமார் 6 லட்சம். கூட்டத்துக்கு நடுவிலும் ஒலிபெருக்கிகள் வேண்டும். ஆனால் மின்சாரம் கம்பியில் கண நேரத்தில் போய்விடும். ஒலி காற்றில் நொடிக்கு 340 மீட்டர்தான். அப்படியே விட்டால் ஒரே சுரம் இரண்டு தடவை கேட்கும். எனவே டிஜிட்டல் கருவி வைத்து, 200 அடி தள்ளியிருந்த ஒலிபெருக்கிகளை வேண்டுமென்றே 0.175 நொடி தாமதிக்க வைத்தார்கள். அடுத்த வருடம் டெட் குழு கட்டிய 'வால் ஆஃப் சவுண்ட்'டுக்குத்தான் புகழ் அதிகம். என் ஓட்டு இதற்கு.

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எந்தக் கருவியாலும் அடைக்க முடியாது. இதை அக்காவிடம் விளக்கினேன்.

"அப்போ நாம கேக்கறது பழசா?"

"அரை நொடிகூட இல்லக்கா."

திரும்பும் ரயிலில் வீட்டுப் பேச்சை அவளே எடுத்தாள்.