கடன் கொப்பியில் எழுதிய வரலாறு: எங்கள் ஊர்ச் சந்திக்கடை



வரலாறு என்றதும் எங்களில் பலருக்கு நல்லூர் அரசும் போர்த்துக்கேயர் வருகையும்தான் நினைவுக்கு வரும். நான் தொழிலால் ஒரு கணக்காளன். ஒரு சமூகத்தின் கதையை அதன் வரவு செலவில் தேடிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆகவே இந்த மாத உரைக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடையை எடுத்துக்கொண்டேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த கடை அது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்திக்கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். முதலாளி எங்களுக்குக் "கடைக்கார அண்ணை". இலக்கமிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் காலையில் கடை திறப்பார். உள்ளே அரிசி, சீனி, மா, பருப்புச் சாக்குகள். மேலே கயிற்றில் வாழைக்குலை. மூலையில் மண்ணெண்ணெய்ப் பீப்பா. பெரியவர்கள் இறாத்தலிலும் கொத்திலும் கேட்பார்கள். பின்னர் கிலோ வந்தபோதும் அம்மம்மா போன்றவர்கள் இறாத்தலைக் கைவிடவில்லை. எங்களுக்கு அந்தக் கடை என்றால் ஒற்றைறூள் கொப்பி, அழிறப்பர், மைப்போத்தல், மிச்சச் சதத்துக்குத் தோடம்பழ இனிப்பு. பழைய பத்திரிகையைச் சுருட்டிச் சரை செய்து கடலை தருவார். கடலை முடிந்ததும் சரையை விரித்து அதில் உள்ளதை வாசிப்போம். எங்களில் சிலருக்கு வாசிப்புப் பழக்கம் வந்ததே அந்தச் சரையால்தான்.

இன்று யோசித்துப் பார்த்தால், அந்தக் கடையின் தட்டுகள் வடபகுதிப் பொருளாதாரத்தின் ஒரு படம் போல் இருந்தன. உப்பு ஆனையிறவு உப்பளத்தில் விளைந்தது. சவர்க்காரம் யாழ்ப்பாணத்தில் செய்த மில்க்வைற். கோப்பித்தூள் இணுவிலில் இருந்து வந்த அண்ணா கோப்பி. பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும் ஊர்ப் பனையின் கொடை. சுருட்டு பக்கத்து வீட்டுக் கொட்டிலில் சுற்றியது. வீடு கட்டுபவருக்குக் காங்கேசன்துறைச் சீமெந்து. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலம் அது. நாங்கள் எல்லாவற்றையும் வெளியிலிருந்து எதிர்பார்த்து வாழ்ந்த மக்கள் அல்லர் என்பதற்கு அந்தத் தட்டுகளே சாட்சி.

சந்திக்கடைக்கு ஒரு போட்டியும் இருந்தது. அது சங்கக்கடை, அதாவது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. அதன் பின்விளைவாக ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசிக்கு இவ்வளவு பலம் இருந்தது. எங்கள் வீட்டிலும் கூப்பன் புத்தகங்களை அம்மா நகைகளோடு சேர்த்துத்தான் பூட்டி வைத்திருந்தார். 1978 தொடக்கத்தில், மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே பங்கீடு என்று வரையறுத்தார்கள். 1979 இல் அந்த முறையையே நிறுத்தி உணவு முத்திரையைக் கொண்டுவந்தார்கள். சங்கக்கடை வரிசை சிறிதாகியது. சந்திக்கடையின் கடன் கொப்பி தடித்தது.

அந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கொப்பிகள். ஒன்று கடையில், மற்றது வீட்டில். சாமான் வாங்கும்போது இரண்டிலும் எழுதுவார்கள். அரசாங்க உத்தியோகத்தர் சம்பளத்தன்று கட்டுவார். சுருட்டுத் தொழிலாளி வாரக் கடைசியில் கட்டுவார். தோட்டக்காரர் வெங்காயம் கிண்டி, சுன்னாகம் சந்தையில் விற்ற பிறகு கட்டுவார். கட்டிய கணக்கைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே வெட்டிவிடுவார் அண்ணை. வட்டி கிடையாது. கையெழுத்தோ பிணையோ கிடையாது. நான் பிற்காலத்தில் வர்த்தகம் படித்தபோது "கடன்பட்டோர் பேரேடு" என்று விரிவுரையாளர் விளக்கியதை எங்கள் அண்ணை எட்டாம் வகுப்புப் படிப்போடு நடத்திக்கொண்டிருந்தார்.

நாட்டின் கொள்கைகள் அந்தக் கொப்பியில் உடனே தெரிந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய அரசு இருந்தது. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற காலம். ஆனால் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர்களின் கையில் பணம் புழங்கியது. அந்த ஆண்டுகளில் கல்வீடு கட்டியவர்கள் பலர். 1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. கடையில் புதுப்புது விசுக்கோத்தும் பிளாஸ்ரிக் சாமானும் நிறைந்தன. நாங்கள் பிள்ளைகள் மகிழ்ந்தோம். இறக்குமதி மிளகாயோடும் வெங்காயத்தோடும் போட்டியிட முடியாமல் எங்கள் தோட்டக்காரர் தடுமாறினார்கள். முன்பு அறுவடையோடு வெட்டப்பட்ட கணக்குகள் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போயின.

நேயர்களே, பழைய ஊரை நினைக்கும்போது இனிப்பை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது வரலாறு ஆகாது. கடைகளில் எல்லோரும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வேறு குவளை, வேறு இடம் என்ற கொடுமை இருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் அது முற்றாக மறையவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும்தான் கதவுகளைத் திறக்க வைத்தன. என் பள்ளிக் காலத்திலும் எங்கள் சந்திக்கடை வாங்கில் சிலர் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். சிலர் வெளியே நின்றே சாமான் வாங்கிப் போனார்கள். காசின் நிறம் ஒன்றுதான். ஆனால் வாங்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு போர். 1987 இன் முற்பகுதியில் குடாநாட்டுக்கு எரிபொருள் தடை. அந்த ஆண்டு ஜூன் 4 ஆம் திகதி இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டன. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, பசளை என்று தடைப் பட்டியல் நீண்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்போடு கப்பலில் வந்த உணவு போதவில்லை. மண்ணெண்ணெய் அவுன்ஸ் கணக்கில் விற்கப்பட்டது. ஜாம் போத்தலில் சிறு திரி போட்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். அந்த நாட்களில் கடைக்கார அண்ணை ஒரு கணக்கு வைத்திருந்தார். இருக்கும் சீனியை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். கூடுதல் காசு தருகிறோம் என்றவர்களுக்கும் அதே அளவுதான். அரசாங்கம் கைவிட்ட பங்கீட்டை எங்கள் சந்தியில் ஒரு தனி மனிதர் நடத்தினார்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில் செம்மணி வழியாகவும் கோப்பாய் வழியாகவும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அப்போது நான் நாட்டில் இல்லை. அம்மா அந்தக் கூட்டத்தில் நடந்தவர். 1996 ஏப்ரலுக்குப் பின் ஊர் திரும்பியபோது சந்திக்கடையில் கூரையும் இல்லை, சாமானும் இல்லை, கொப்பிகளும் இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். கணக்கியல் விதிப்படி அந்தக் கடன்கள் எல்லாம் அறவிடமுடியாக் கடன். பதிந்து தள்ளிவிட வேண்டியவை. ஆனால் அம்மா அடுத்ததாக எழுதிய வரியை நான் இன்றும் மறக்கவில்லை. ஊர் திரும்பிய சனத்தில் பலர் தங்கள் கணக்கைத் தாங்களே நினைவிலிருந்து சொல்லிக் காசு கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். எல்லோரும் அல்ல. பலர் திரும்பி வரவே இல்லை. சிலரிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. அம்மா இரண்டு தவணையில் கொடுத்தார். அந்தக் காசில் அண்ணை இரண்டு சாக்கு அரிசி வாங்கி, ஓலைக் கொட்டில் ஒன்றில் மறுபடியும் வியாபாரம் தொடங்கினார்.

முப்பது ஆண்டுகளாக எத்தனையோ நிறுவனங்களின் ஐந்தொகைகளை நான் சரிபார்த்திருக்கிறேன். பேரேடு தொலைந்த பின்னும் கடன்பட்டோர் தேடி வந்து கட்டிய வேறொரு கடையை நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது இழந்த ஏடுகளைப் பற்றி நாம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் ஊருக்கு ஊர் அழிந்த கடைக் கொப்பிகளும் எங்கள் ஆவணங்களே. அவற்றின் பிரதி இனி முதியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மம்மாவோ இருந்தால், இந்த வார இறுதியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட ஊர்க் கடையில என்ன விலைக்கு என்ன வாங்கினீங்கள், யாரிட்டக் கடன் வச்சீங்கள்?" சொல்வதைக் குரலில் பதிந்தோ எழுதியோ திகதியிட்டு வையுங்கள். எங்கள் நிலையத்துக்கு அனுப்பினால் நிகழ்ச்சியிலும் சேர்த்துக்கொள்வோம்.

அடுத்த மாதம் இன்னொரு உரையில் சந்திப்போம்.