ரொட்டி இல்லாத குளிர்காலம்

1944 குளிர்காலம். ஹாலந்தில் நாஜிகள் உணவு வரும் வழியை அடைத்துவிட்டார்கள். துலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள் மக்கள். ஊரே எலும்பும் தோலுமாக, 'சீலியாக்' என்ற நோயால் வயிறு உப்பி, ஓயாத பேதியோடு கிடந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பியது, மறுபடி படுத்தார்கள். கோதுமை மீது ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்த டாக்டர் வில்லெம் டிக்கே, 1950-ல் அதை ஆய்வேடாக எழுதினார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம்தான் வில்லன் என்பது சீக்கிரமே தெரிந்தது.

நாம்தான் சோறு தின்கிறவர்களாச்சே என்கிறீர்களா? 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று: வடக்கே ஆளுக்கு தினம் 455 கிராம் கோதுமை, இங்கே 25. அங்கே பத்தாயிரத்தில் சுமார் 85 பேருக்கு நோய், இங்கே ஒருவருக்கு. ஆனால், நோய்க்கு வாகான மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம்!

அந்த ஒருவர் ஆரணி பக்கம் சந்தவாசலில் இருந்தால்? இட்லி, கேழ்வரகுக் கூழ், ஜவ்வாது மலைச் சாமை... பயமில்லை. சாம்பாரில்தான் வினை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு உண்டு. கல்யாணப் பந்தியில், 'ஒரு பூரிதானே, ஒண்ணும் ஆகாதுப்பா' என்பார் பெரியப்பா. ஆகும். வெளியே தெரியாமல் குடல் புண்ணாகும். தினம் தின்கிற ஊரிலாவது டாக்டருக்குச் சட்டென்று சந்தேகம் வரும். இங்கே 'சூட்டு வயிறு' என்று மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.