மருமகளோடு வந்த பெயர்

இந்த வாரம் உடையார்குடிக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்து பற்றி, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வந்த ஆணை அங்கேதான் கல்லில் இருக்கிறது. அதற்குள் கும்பகோணத்திலிருந்து வாசகி ஒருவர் போன் செய்தார். பேத்தி பிறந்திருக்கிறாளாம். குந்தவை என்றுதான் பெயர் வைப்பேன் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். சம்பந்தி அம்மாவுக்கு வேலூர்ப் பக்கம். அங்கே ‘குந்து’ என்றால் உட்கார். “ஸ்கூல்ல புள்ளைங்க குந்து குந்துன்னு கேலி பண்ணும்” என்று தடுக்கிறாராம். “பேருக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க சார், நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்” என்றார்.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

பெயரின் பின்பாதியில் சிக்கல் இல்லை. ‘குந்தவ்வை’ என்றே பழைய கல்வெட்டில் இருக்கிறது. அவ்வை என்றால் தாய், மதிப்புக்குரிய மூத்தவள். ஔவையாரின் பெயரும் அதே சொல்தான். கன்னடத்தில் அது அவ்வெ, அப்பெ என்று வரும். கவி ரன்னனை ஆதரித்த அத்திமப்பெயின் பெயர் முடிவதும் அதில்தான். முன்பாதிக்கு மல்லிகை இனத்துக் குந்த மலரைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது.

குந்தவை என்றதும் நம் கண்ணுக்குத் தெரிகிறவர் பழையாறை இளைய பிராட்டி. 1950-இல் கல்கி ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். 2022-இல் படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அதே நாவலிலிருந்து வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்த பெயர் வானதிதான். எனக்கே நாலைந்து வானதிகளைத் தெரியும்; ஒரு குந்தவையைக்கூடத் தெரியாது. இது எனக்கு வெகுநாளாக ஆறாத வருத்தம். நாவலில் சூழ்ச்சியும் ராஜதந்திரமுமாக நிற்கும் இளவரசியைப் படித்து வியந்தோம். பெண்ணுக்கு வைக்க மென்மையான பெயரைத் தேடிக்கொண்டோம். கல்கிமேல் எனக்கு அளவற்ற பக்திதான். இருந்தாலும் கல்வெட்டில் இருக்கும் குந்தவை அவர் படைத்தவரைவிடப் பெரியவர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும் ஆணையில், தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு “நம் அக்கன்” கொடுத்ததைச் சொல்கிறான். மனைவிமார் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். அக்காவின் பட்டியலை நின்று படிக்க வேண்டும். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்ற எடைக்கல்லால். மணிகளை நிறுத்தது தட்சிணமேரு விடங்கன் என்ற எடைக்கல்லால். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குன்றிமணி எடைகூட விடாமல் கணக்கு இருக்கிறது. முத்து என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடும் வழக்கமே அந்தக் கோயில் கல்வெட்டுகளில் இல்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ரகம் பிரித்திருக்கிறார்கள். ஊர்ச் சபைகளிடம் காசை முதலாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டியில் வழிபாடு நடக்க ஏற்பாடு. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் எடுத்தவரும் இவர்தான். சமயச் சண்டையை வைத்தே சோழர் காலத்தை எழுதுகிறவர்கள் ஒருமுறை தாதாபுரம் போய் வரட்டும்.

அவருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தாத்தா அரிஞ்சயனின் அரசிகளில் ஒருவர் வீமன் குந்தவை. வீமன் என்பது தகப்பன் பெயர். வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய பீமன் அவர் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. பாட்டி முறையில் இருந்தவரின் பெயர் பேத்திக்கு வந்திருக்கிறது. பேத்தி என்றாலே பெயர்த்தி, பெயரைச் சுமக்கிறவள் அல்லவா?

ராஜராஜன் தன் மகளுக்கும் குந்தவை என்றே பெயரிட்டான். எந்த அத்தையை நினைத்து வைத்தான் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த மகள் வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் பெற்ற ராஜராஜ நரேந்திரனின் அவையில்தான் நன்னயா மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். நரேந்திரனின் மகன் 1070-இல் சோழ அரியணை ஏறினான். அவன்தான் முதல் குலோத்துங்கன். அவனுடைய தங்கையின் பெயரும் குந்தவை. 1114-ஆம் ஆண்டு சிதம்பரம் கல்வெட்டில் அவள் பேசுகிறாள். காம்போஜ அரசன் குலோத்துங்கனுக்குக் காட்டிய கல் ஒன்று கோயிலில் பதிக்கப்பட்ட செய்தியையும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. வேங்கியிலிருந்து மருமகளோடு வந்து, மகளோடு வேங்கிக்கே திரும்பி, பேத்தியோடு தில்லைக்கு வந்து சேர்ந்திருக்கிறது பெயர்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு குந்தவ்வை இருந்தாள். கங்க அரசன் பிருதிவிபதியின் மகள், வாண வித்தியாதரனின் மாதேவி. ஒன்பதாம் நூற்றாண்டு. அவளுடைய கொடை திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயில் கல்லில் இருக்கிறது. திருவல்லம் காட்பாடிக்குப் பக்கம்.

இதைப் போனில் சொன்னபோது வாசகி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது எங்க சம்பந்தி ஊராச்சே!” என்றார்.

உடையார்குடிக்கு அடுத்த வாரம் போவோம்.