முத்திரை மோதிரம் – 6: நாட்காட்டி செய்த வேலை

சென்ற வாரம் ஒரு சின்னஞ்சிறு சொடுக்கியோடு நிறுத்தியிருந்தோம். தன் தயாரிப்பாளரான மோசில்லாவின் கையொப்பம் இல்லாத நீட்சியையும் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) ஏற்றுக்கொள் என்று ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு ஆணையிடும் சொடுக்கி. 2016 ஆகஸ்டில் வந்த 48ஆம் பதிப்பில், சாதாரணப் பயனர்களுக்கு அது உயிரிழந்தது. காரணம் இருந்தது: இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த டூல்பார்கள் முகப்பை மாற்றின, விளம்பரங்களைத் திணித்தன. சொடுக்கியை விட்டுவைத்தால் அந்தக் கள்ளர்களே அதைத் தட்டிவிடுவார்கள் என்றது மோசில்லா. நியாயம்தான். ஆனால் வீட்டுக்காரனிடமிருந்தும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

2019 மே 3, வெள்ளிக்கிழமை. கலிபோர்னியாவில் வாரக்கடைசி மாலை. உலகப் பொது நேரப்படி மே 4 பிறந்து சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. விளம்பரத் தடுப்பான், கடவுச்சொல் பெட்டகம் என்று ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்த நீட்சிகள் சொல்லாமல் கொள்ளாமல் முடங்கின. சரிபார்க்க முடியவில்லை, அதனால் முடக்கிவிட்டேன் என்றது உலாவி.

யாரும் ஊடுருவவில்லை. நடந்தது இதுதான். மோசில்லாவிடம் ஒரு தாய்ச் சாவி உண்டு. இணையத் தொடர்பே இல்லாத பாதுகாப்புக் கருவிக்குள் அது உறங்கும். அன்றாட வேலைக்கு அதன் பெயரில் ஓர் இடைநிலைச் சான்றிதழ், நம் தொடரின் முத்திரை மோதிரம். எல்லா நீட்சிகளிலும் விழுந்தது அந்த மோதிரத்தின் தடம்தான். மோதிரத்துக்கு ஒரு காலாவதித் தேதி இருந்தது. புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஃபயர்பாக்ஸ் கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் கையொப்பங்களைச் சோதிக்கும். அதுவும் ஆளுக்கொரு நேரம். அதனால் ஒருவருக்கு இப்போது, அடுத்தவருக்கு நள்ளிரவில், இன்னொருவருக்கு மறுநாள் காபி குடிக்கும்போது. டோர் உலாவியும் ஃபயர்பாக்ஸின் மேல் கட்டப்பட்டதே. அதனுள் காவலுக்கு நின்ற நோஸ்கிரிப்ட் நீட்சியும் படுத்துவிட்டது. தன்னை மறைத்துக்கொள்வதற்காகவே டோரைத் திறப்பவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

15,000க்கும் மேற்பட்ட நீட்சிகளுக்குப் புதிதாகக் கையொப்பமிடுவது ஆகிற காரியமில்லை. அதே பெயரில், அதே சாவியில், தேதி மட்டும் மாறிய மோதிரம் ஒன்று செய்தால் பழைய தடங்கள் எல்லாம் உயிர்பெறும். அதற்குத் தாய்ச் சாவியை எழுப்ப வேண்டும். பொறியாளர் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு அது இருக்கும் இடத்துக்கு ஓடினார். முதலில் செய்த சான்றிதழ்கள் சரியாக அமையவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் ஓரிரு மணி நேரம் கரைந்தது. கடைசியில் மோதிரம் தயார்.

அதை எப்படி உலகெங்கும் அனுப்புவது? உலாவிக்குள் ஒரு பின்வாசல் இருந்தது. ‘ஆய்வுகள்’ என்று பெயர். சோதனை அம்சங்களைப் பயனர் கணினிக்கு அனுப்புவதற்கான வழி. 2017 டிசம்பரில் ‘மிஸ்டர் ரோபோ’ தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்காக ‘லுக்கிங் கிளாஸ்’ என்ற நீட்சி யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்ததும் இதே வழியாகத்தான்.

என் கணினி, என் இஷ்டம் என்று இருந்தவர்கள் அந்த வாசலை எப்போதோ இழுத்துச் சாத்தியிருந்தார்கள். இப்போது மருந்து அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. ஆண்ட்ராய்டு போனில் அன்று அப்படி ஒரு வாசலே இருக்கவில்லை.

அவசரமென்றால் ஆய்வுகளைத் திறந்துவையுங்கள், சரியானதும் மூடிக்கொள்ளலாம் என்றது மோசில்லா. அமைப்புப் பக்கத்துக்குப் போனவர்களுக்கு அங்கே இன்னொன்று காத்திருந்தது: ஆய்வுகளைத் திறக்க வேண்டுமானால், பயன்பாட்டுத் தகவல்களை மோசில்லாவுக்கு அனுப்பும் கதவையும் சேர்த்தே திறக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் பலர் திறந்தார்கள். தகவல்கள் வந்து குவியத் தொடங்கின. அவற்றை மோசில்லா என்ன செய்தது?

(தொடரும்)